மண்டிக் கணக்கை டாக்கரில் போட்டு மூன்று வருடம்

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் மாமாவுக்கு ஒரு கமிஷன் மண்டி. வரவு, பற்று, விவசாயிக்குக் கொடுக்கும் பில் எல்லாவற்றுக்கும் ஃப்ளாஸ்க் என்கிற பைத்தான் கருவியில் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தேன், தரவு போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தளத்தில். 2022 ஆடியில் அதை டாக்கர் கண்டெய்னரில் (அப்ளிகேஷனையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்து மூடிய தனிப்பெட்டி மாதிரி) ஏற்றி, கல்லா மேஜைக்குக் கீழே ஒரு மினி பிசியில் ஓடவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை, நடுவில் மெஷின் மாறினாலும், அதே அமைப்புதான். 'பத்து நிமிடத்தில் டாக்கர்' என்று எல்லோரும் முதல் நாளைப் பற்றியே எழுதுகிறார்கள், நான் மிச்ச நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் நாள் சொதப்பல்கள் எல்லோருக்கும் வருவதுதான். அப்ளிகேஷனை ஓட்டுகிற கூனிகார்ன் சர்வர் 127.0.0.1-ல், அதாவது தனக்குள் மட்டும் பேசுகிற லோக்கல்ஹோஸ்ட் முகவரியில், கேட்டுக்கொண்டிருந்தது. கண்டெய்னருக்கு உள்ளே இருக்கும் லோக்கல்ஹோஸ்ட் வேறு, வெளியே இருப்பது வேறு என்று மண்டையில் ஏற அரை நாள் ஆனது. எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிற 0.0.0.0 என்று மாற்றியதும் திறந்தது. அப்புறம் ஆல்பைன், கண்டெய்னருக்கு அடித்தளமாகப் போடுகிற ஒரு குட்டி லினக்ஸ். ஐந்தாறு எம்பிதான் என்று ஆசைப்பட்டு எடுத்தேன், அதில் மற்ற லினக்ஸ்களில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி என்கிற அடிப்படை சி லைப்ரரி கிடையாது, மஸ்ல் என்கிற வேறொரு லைப்ரரி, அதனால் நான் வைத்திருந்த பைத்தான் பேக்கேஜ்களில் பாதிக்கு ரெடிமேட் கட்டு கிடைக்காமல் ஒவ்வொன்றாக கம்பைல் ஆகி, அந்த மினி பிசி தோசைக்கல் மாதிரி சுட்டது. இப்போது பல பேக்கேஜ்கள் ஆல்பைனுக்கும் தனியாகக் கட்டு கொடுக்கின்றன. ஆனாலும் நான் டெபியன் லினக்ஸின் சிறிய வடிவமான ஸ்லிம்முக்கு மாறியவன், திரும்பிப் போகவில்லை.

உண்மையான கூத்து இரண்டாவது வாரம். மண்டியில் வியாபாரம் விடியற்காலை மூன்று மணிக்கே தொடங்கிவிடும், ஒட்டன்சத்திரம் லோடு அதற்கும் முன்னால் வந்து நிற்கும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் பகலில், அதுவும் என் லேப்டாப்பில் நேரடியாக. மாமா போன் போட்டார்: "ஏன்டா மாப்ள, இன்னைக்கு வந்த லோடுக்கு நேத்துத் தேதி விழுது. நேத்துக் கணக்கை முடிச்சிட்டுப் படுத்த நான் என்ன பைத்தியமா?" பார்த்தால் காலை ஐந்தரைக்கு முன்னால் போட்ட பில் ஒவ்வொன்றிலும் முந்தின நாள் தேதி. கண்டெய்னர் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். பத்து மணிக்குக் கடை திறக்கும் ஜவுளிக்கடையாக இருந்தால் வருடக்கணக்கில் கண்ணில் பட்டிருக்காது.

சரி, டிஇசட் என்கிற சூழல் மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்ளிகேஷன் பக்கம் தீர்ந்தது, போஸ்ட்கிரெஸ் பக்கம் தீரவில்லை. முதன்முறை தரவு அடைவை உருவாக்கும்போதே அது தன் அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை எழுதி வைத்துக்கொள்கிறது, பிறகு வெளியிலிருந்து மாறியை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு சொல்வதுதான் அதற்கு வேதம். கடைசியில் தரவுத்தளத்துக்கே நேர மண்டலத்தைத் தனியாக அமைத்தேன். தப்பாக விழுந்த பில்களைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுத்தது எழுத்துரு. பில்லை பிடிஎஃப் ஆக்கி விவசாயிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவது வழக்கம். கண்டெய்னருக்கு மாறிய அன்று திருவையாறு பக்கத்திலிருந்து வாழைக்காய் போடுகிற பெரியவர் ஒருவர் கேட்டார்: "என்ன தம்பி, கட்டம் கட்டமா வருது, ஜாதகமா?" ஸ்லிம் இமேஜில் (கண்டெய்னரை உருவாக்குகிற அச்சு) தமிழ் எழுத்துரு மட்டுமல்ல, எந்த எழுத்துருவுமே இல்லை. இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் டாக்கர்ஃபைலில் நோட்டோ எழுத்துருக்களை நிறுவ ஒரு வரி சேர்த்ததும் கட்டம் போய் கத்தரிக்காய் வந்தது. காலி வீட்டுக்குக் குடிபோகிற மாதிரிதான் இது, பழைய வீட்டில் தானாக இருந்த ஆணியும் பல்பும் இங்கே இருக்காது.

2022 தீபாவளிக்கு அடுத்த வாரம் நடந்தது முழுக்க முழுக்க என் தப்பு. போஸ்ட்கிரெஸ் இமேஜுக்குப் பதிப்பு எண் போடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த அக்டோபரில்தான் போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பு வெளியானது. நான் சும்மா இருக்காமல் இமேஜ்களைப் புதுப்பித்தேன், தரவோ 14 எழுதியது, 15 கிளம்பவே மறுத்தது. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, 14 என்று எண்ணைத் தெளிவாக எழுதியதும் ஓடத் தொடங்கியது. அந்தப் பதினைந்து நிமிடம் மாமா சும்மா பின்னால் நின்றுகொண்டிருந்தது இன்னும் முதுகில் குறுகுறுக்கிறது.

மின்வெட்டுக்கு டாக்கரைப் பாராட்டியே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், இன்வெர்ட்டரும் சில நாள் கைவிடும். மறுதொடக்கக் கொள்கையில் 'அன்லெஸ் ஸ்டாப்ட்' என்று கொடுத்திருப்பதால் மெஷின் எழுந்ததும் எல்லாம் தானாக எழும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: எந்தெந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பில் 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று எழுதும் வரிசை நாம் கட்டளை கொடுத்துத் தொடங்கும்போதுதான் செல்லும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்போது செல்லாது. அப்ளிகேஷன் முதலில் எழுந்து, தரவுத்தளத்தைக் காணாமல் விழுந்து, திரும்ப எழும். எனக்கு அது போதும். பிடிக்காதவர்கள் அப்ளிகேஷனுக்குள்ளேயே காத்திருந்து மறுபடி முயல்கிற மாதிரி எழுதிக்கொள்ளலாம்.

தக்காளி கிலோ நூறைத் தாண்டிய 2023 ஜூலையில் டிஸ்க் நிரம்பியது. மார்க்கெட்டே சண்டையில் இருக்கும்போதுதான் இதெல்லாம் வரும். டாக்கர் வழக்கமாக லாகை (கண்டெய்னர் சொல்வதன் பதிவு) ஜேசன் கோப்பில் எழுதுகிறது, நாமாக ஒரு எல்லை வைக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். பத்து எம்பி, மூன்று கோப்பு என்று எல்லை வைத்தேன். இதிலும் ஒரு சூட்சுமம், ஏற்கெனவே உருவான கண்டெய்னருக்கு அது பொருந்தாது, அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ரெண்டே வார்த்தை. கடவுச்சொல் இருக்கும் என்வ் கோப்பை டாக்கர் இக்னோரில் (இமேஜில் சேரக் கூடாதவற்றின் பட்டியல்) சேர்க்க மறந்து இமேஜுக்குள்ளேயே கட்டியிருந்தேன். இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுவது, அடுத்த அடுக்கில் அழித்தாலும் முந்தைய அடுக்கில் அது இருக்கும், அதனால் கடவுச்சொல்லையே மாற்றினேன். அப்புறம், லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை நம்பி தரவுத்தள போர்ட்டை வெளியே திறக்காதீர்கள், டாக்கர் அதைத் தாண்டிக்கொண்டு போகும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், போன வருட மழைக்காக. கடைக்குள் முழங்கால் தண்ணீர், மினி பிசி போயே போய்விட்டது. தரவு இருந்த வால்யூமும் அதோடு போச்சு, ஆனால் தினமும் மதியம் எடுக்கிற டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) ஒரு பிரதி என் வீட்டில் இருந்தது. பழைய லேப்டாப் ஒன்றில் டாக்கரை நிறுவி, கம்போஸ் கோப்பைப் போட்டு, டம்பை ஏற்றினேன். இமேஜ் இறங்கிய நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நேர மண்டலம், எழுத்துரு, லாக் எல்லை எதையும் திரும்ப யோசிக்கவில்லை, எல்லாம் கோப்பில் எழுதியிருந்தது. மறுநாள் விடியற்காலை பில் சரியான தேதியில் விழுந்தது. மாமா எதுவும் சொல்லவில்லை, இரண்டு கிலோ சின்ன வெங்காயம் கொடுத்து அனுப்பினார்.

போஸ்ட்கிரெஸ் 14-க்கு 2026 நவம்பரோடு ஆதரவு முடிகிறது. டம்ப் எடுத்துப் புதிய பதிப்பில் ஏற்ற வேண்டும், ஒத்திகை ஒருமுறை பார்த்துவிட்டேன். மண்டிக்கு முழு விடுமுறை என்றால் மாட்டுப் பொங்கல் ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் உட்காரப் போகிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.