விஎம்/370: திரைமேல் கோபம், அட்டைமேல் காதல்

ஐபிஎம்மின் பழைய பெருங்கணினியைச் சாதாரணக் கணினியில் போலச்செய்யும் ஹெர்குலீஸ் மென்பொருளில், அதன் 1970களின் இயக்குதளமான விஎம்/370-ஐ நிறுவலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நெடுநாளாக ஓட்டிவருபவன் என்ற முறையில் முதலில் மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன். திரையின் வலது கீழ் மூலையில், ‘இன்னும் இருக்கிறது’ என்ற பொருளில் தோன்றும் ‘மோர்’ (More) என்ற ஆங்கிலச் சொல்தான் அது.

3270 என்ற ஐபிஎம் முனையத்தின் திரை நிறைந்ததும் அந்தச் சொல் வரும். ஏறக்குறைய ஒரு நிமிடம் சும்மா இருந்தால் பக்கம் தானாகவே அழிந்து அடுத்தது வந்துவிடும். பின்னோக்கி உருட்ட வழியே இல்லை. பிழைச் செய்திக்கு விளக்கம் தேடிக் கையேட்டைப் புரட்டினால், நிமிர்வதற்குள் செய்தி போய்விடுகிறது. எண்டர் விசையைத் தட்டினால் ‘ஹோல்டிங்’ என்று நிற்கும். மேலே நகர்வதற்கோ கிளியர் விசை வேண்டும். விரல்களின் பழக்கத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு! இன்று மாலைகூட ஒரு நீண்ட அசெம்பிளர் பட்டியல் கண்ணெதிரே பறிபோனது.

நியாயமும் பேச வேண்டும். 24 வரி, 80 பத்தி. அந்த 1,920 எழுத்துகளுக்குமேல் அந்த முனையத்திடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு முந்தைய 2741 தட்டச்சு முனையத்திலோ எல்லாம் தாளில் அச்சாகிக் கையில் இருந்தது. திரை வந்ததில் வேகம் கூடியது, நினைவு போனது.

ஆனாலும் இதை விட மனம் வரவில்லை. காரணம் மெய்நிகர் துளையட்டை, அதாவது துளையிட்டுத் தரவு பதிந்த பழைய காகித அட்டையின் மென்பொருள் வடிவம். இன்னொரு பயனருக்குக் கோப்பு அனுப்ப வேண்டுமா? என் அட்டைத் துளைப்பானை அவருடைய அட்டைப் படிப்பானோடு இணைத்துவிட்டு, பஞ்ச் கட்டளை கொடுத்தால் போதும். அவர் உள்ளே இல்லாவிட்டாலும் அட்டைக்கட்டு வரிசையில் காத்திருக்கும். ஒரு தாள்கூட இல்லை, ஆனால் நிஜ அட்டையைப் போலவே 80 பத்திக்கு மேற்பட்ட வரியைப் பஞ்ச் ஏற்காது! ஒவ்வொருவருக்கும் ஒரு முழு இயந்திரம் என்று 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் விஎம்மின் முன்னோடியான சிபி-40-ஐ உருவாக்கியவர்கள் எண்ணியதை எவ்வளவு நேர்மையாகக் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார்கள்! கணினியைப் பலருக்கும் பகிர்தல் முழுவதும் விஎம்மின் கட்டுப்பாட்டு நிரலான சிபியின் பொறுப்பு. பயனர் அதன்மேல் வேலைசெய்யும் சிஎம்எஸ் சூழல் ஒரே பயனருக்கானதாக, எளிமையாக, விரைவாக இருக்கிறது. விஎம்முக்குள் இன்னொரு விஎம்மை ஏற்றும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நண்பருக்கு இன்றைய பதில்: வேண்டாம், நிறுவாதீர்கள். மீறி நிறுவினால், வேறெதையும் தொடுமுன் ‘சிபி ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட்’ வரியை, சிஎம்எஸ் தொடங்கும்போது தானாக ஓடும் ப்ரொஃபைல் எக்ஸெக் கோப்பில் எழுதிவிடுங்கள். திரையில் அழிவது மெய்நிகர் அச்சுப்பொறியிலாவது தங்கும்.