பழைய மாணவர் சந்திப்பு: பள்ளியிலா, மண்டபத்திலா?

வேலூர்ப் பக்கம் சந்திப்புக்கு ஏற்றது டிசம்பர் கடைசி வாரம். அரையாண்டு விடுமுறையில் பள்ளி காலி. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டப வாடகையும் பேரம் படியும். மே வேண்டவே வேண்டாம், வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

பள்ளி என்றால் செலவு குறைவு. தலைமை ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அவருக்கு இடமாற்றம் வந்தால் கூடவே போய்விடும். வகுப்பறைச் சாவி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். விடுமுறையில் மோட்டார் போட ஆள் இருக்காது, பத்து மணிக்கே குழாய் வறண்டுவிடும். ஆனால் அதே கடைசி பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, பழைய வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர் கூப்பிட, ‘உள்ளேன் ஐயா’ என்று எழும் குரல் மண்டபத்தில் எடுபடாது.

மண்டபத்தில் ஜெனரேட்டர், பந்திக்கூடம், வண்டி நிறுத்த இடம் உண்டு. ஆம்பூர் பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று கணக்குப் போடுங்கள். அசைவத்துக்கு அனுமதி உண்டா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

30 பேருக்குள் என்றால் பள்ளியேதான். முழங்கால் வலியுள்ள ஆசிரியர்கள் நாலைந்து பேர் வருவதானால் மட்டும், லிஃப்ட் உள்ள அல்லது தரைத்தள மண்டபம் பாருங்கள்.