ஊட்டி உல்லன் கடையில் ஏழு வருடம்

ஊட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் ஜூலை. மனைவி எட்டு மாதக் கர்ப்பம். பிறக்கப்போகும் குழந்தைக்குப் போர்வை பின்ன, ஆன்லைனில் இளமஞ்சள் உல்லன் ஆறு பந்து வரவழைத்திருந்தாள். நாலு பந்து வரை எல்லாம் சரி. ஐந்தாவதை இணைத்துப் பின்னியதும் வேட்டிக்குக் கரை வைத்தது போல ஒரு பட்டை விழுந்தது. விற்றவரைக் கேட்டால், "ஷேடு நம்பர் ஒன்றுதானே?" என்று பதில். திருப்பி எடுக்கவில்லை.

மிச்சப் பந்தையும் பாதிப் போர்வையையும் தூக்கிக்கொண்டு பஜார் பக்கம் ஒரு சந்துக் கடைக்குப் போனேன். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டிய அகலம்தான் கடை. அங்கிருந்த அக்கா நூலைப் பார்க்கவில்லை; அதைச் சுற்றியிருந்த தாளைக் கேட்டார். ஷேடு நம்பருக்குக் கீழே பொடி எழுத்தில் லாட் நம்பர் இருந்தது. சாயத்தொட்டியில் ஒரே தடவையில் முக்கி எடுத்த நூலெல்லாம் ஒரு லாட். அடுத்த தடவை அதே சாயத்தைப் போட்டாலும் நிறம் மயிரிழை மாறும். பந்தாக இருக்கும்போது தெரியாது, பின்னிய பிறகுதான் பல்லைக் காட்டும்.

"கொஞ்சம் பிரிச்சுட்டு, பழைய நூல்ல ஒரு வரி, புதுசுல ஒரு வரின்னு மாத்தி மாத்திப் பின்னச் சொல்லுங்க தம்பி. கண்ணு கண்டுபிடிக்காது" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு விற்றது ஒன்றுமில்லை. போர்வை தப்பித்தது.

அப்புறம் நானே பின்னக் கற்றுக்கொண்டேன். மழை நாளில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வங்கியிலிருந்து வந்தால் வேறென்ன செய்வது? சனிக்கிழமை மாலையில் கடைக்குள் ஒரு பெஞ்சும் மூன்று ஸ்டூலும் நிரம்பிவிடும். பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னக்கூடிய ஒரு படுகர் அம்மா வருவார். கான்வென்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். ஆம்பிளை குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி) பிடிப்பதை முதல் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் பிழை சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் முதல் குல்லா தேங்காய்க்குக்கூடப் போதவில்லை. யூடியூபில் பார்த்தது அமெரிக்கக்காரர் சொன்ன 'டபுள் குரோஷே' என்ற தையல். சந்தேகம் வந்து டீச்சரிடம் கேட்டேன். அவர் படித்தது பிரிட்டிஷ் முறை. அதில் 'டபுள்' என்பது அமெரிக்காவின் 'சிங்கிள்', குட்டைத் தையல். உயரமான 'டபுள்' வேண்டுமென்றால் பிரிட்டிஷ் கணக்கில் அது 'ட்ரெபிள்'. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், குல்லாதான் கெட்டது. அடுத்த வாரமே அக்கா இரண்டு பெயர்களையும் ஒரு அட்டையில் எழுதி ஆணியில் மாட்டிவிட்டார். இன்னும் அங்கேயே தொங்குகிறது.

தோடர் பெண்களும் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது சிவப்பும் கறுப்பும். வேறு நிறம் தீர்ந்தாலும் அந்த இரண்டும் அக்காவிடம் தீர்ந்து நான் பார்த்ததில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலை அது. வெள்ளைப் பருத்தித் துணியின் பின்பக்கத்திலிருந்து இழை எண்ணி எண்ணிப் போடுவது. ஒருமுறை அவர்களில் ஒரு பாட்டி நான் பின்னிக்கொண்டிருந்ததை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். நான் அன்றிரவே பிரித்துவிட்டேன்.

சரி, சரக்கைப் பற்றி. நாம் உல்லன் என்று சொல்வதில் பெரும்பகுதி அக்ரிலிக். அக்கா அதை மறைப்பதில்லை; கேட்டால் ஒரு துண்டை நறுக்கித் தீக்குச்சி வைத்துக் காட்டுவார். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். கம்பளி முடி கருகும் வாசனை தரும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். மெஷினில் துவைக்க அக்ரிலிக், ஆனால் ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம் என்பது அவர் கட்சி. ஏழு வருடம் துவைத்த மஞ்சள் போர்வை அங்கங்கே உருண்டை கட்டியிருக்கிறது, நிறம் போகவில்லை. வெளிநாட்டு ஊசி ஒன்று கேட்டதற்கு, "கேத்தியில செய்யறத விட்டுட்டா?" என்று 'போனி' பிராண்ட் நாலு மில்லிமீட்டர் ஊசியைக் கையில் கொடுத்தார். கேத்தி பக்கம் எல்லநள்ளியில் 1949 முதல் இருக்கும் ஊசிக் கம்பெனியின் சரக்கு. கட்டைவிரல் படும் இடத்தில் பெயிண்ட் போய்விட்டது, முனை இன்னும் வழவழப்பாக இருக்கிறது.

குறை இல்லாமலில்லை. பந்துக்குப் பத்து இருபது ரூபாய் ஆன்லைனைவிடக் கூட. பருத்தி நூலில் ஏழெட்டு நிறத்துக்கு மேல் கிடைக்காது. சமவெளிக்குப் பரிசு பின்னுபவர்களுக்கு இது பெரிய குறை. போனை எடுக்க மாட்டார். அமைதியாக நூல் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை போகவே வேண்டாம், ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். மே மாத சீசனில் சந்துக்குள் நுழைவதே பெரும்பாடு.

ஆனால் 2020 ஊரடங்கில் நூலை ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நிறம் ஏமாற்றக்கூடாதென்று. எட்டுப் பந்து வாங்கினால் அதே லாட்டில் இரண்டை நம் பெயர் எழுதிய பையில் ஒதுக்கி வைப்பார். நோட்டில் லாட் நம்பரும் ஏறிவிடும். பிரிக்காத பந்தைத் தாளோடு கொண்டுபோனால் திரும்ப எடுத்துக்கொள்வார். தாளைத் தொலைத்தால் திட்டு.

போன சனிக்கிழமை 'பேங்க் தம்பி' என்று எழுதிய பையில் கருநீலம் இரண்டு பந்து இருந்தது. மகளின் ஸ்வெட்டரில் ஒரு கைதான் முடிந்திருக்கிறது. இன்னொரு கைக்கு ஒரு பந்து போதும் என்கிறார் அக்கா. ஒன்றரை ஆகும் என்கிறார் டீச்சர்.