எம்டன் 1/350 பிளாஸ்டிக் கிட்: நீலகிரியில் கட்டுபவர்கள் கவனத்துக்கு

அடங்காத கெட்டிக்காரனை இன்றும் 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். அந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொடுத்த கப்பலே, ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரியாகப் பெட்டியில் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் குரூசர் வகைப் போர்க்கப்பல் அது. அசலின் நீளம் சுமார் 118 மீட்டர். 1/350 அளவில், அதாவது அசலில் 350-இல் ஒரு பங்காக, 34 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, அகலம் 4 செ.மீ.கூட இல்லை. கிட் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். எந்த மாதத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் மலைவாசிகள் கவனமாக இருக்க வேண்டும்.

அடிப்பகுதி இடம், வலம் என இரண்டு பாதிகளாக வருகிறது. முன்முனை ஏர்க்கொழு போல நீருக்குள் முன்னே நீண்டிருக்கும். இணைப்புக் கோடு அப்பட்டமாகத் தெரிவது அங்கேதான். ஒட்டுவதற்கு முன் மேல்தளத்தை உள்ளே வைத்து, மாஸ்கிங் டேப்பால் கட்டிப் பாருங்கள். தளம் உட்காராமல் பக்கச்சுவர் பிதுங்கினால் தளத்தின் விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். சுவரை அழுத்தி ஒட்டினால் சில வாரத்தில் தையல் விட்டுவிடும். திரவ சிமென்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தூரிகை நுனியால் தொட்டாலே போதும், இடுக்கு தானாக இழுத்துக்கொள்ளும். குளிரில் கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் சமவெளியில் ஒரு நாள் காயவிடும் இணைப்பை இங்கே இரண்டு நாள் விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் மென்மையாக இருக்கும் பிளாஸ்டிக் பிறகு சுருங்கி, அதே இடத்தில் பள்ளம் விழும்.

சுழலிகளை (புரொப்பெல்லர்) ஒட்டுமுன் எண்ணிக்கையைப் பாருங்கள். எம்டனுக்கு இரண்டுதான். உடன்பிறப்பான டிரெஸ்டன் டர்பைன் கப்பல், அதற்கு நான்கு. படங்களைப் பார்த்துக் கட்டுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

பீரங்கிகள் பத்து: முன்னால் அருகருகே இரண்டு, பின்னால் அதேபோல இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. 10.5 செ.மீ. பீரங்கியின் குழாய் இந்த அளவில் 12 மி.மீ. நீளம், வாய் வெறும் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கில் அந்த வாய் வராது, மொட்டைக் குச்சியாகவே இருக்கும். கடைந்த பித்தளைக் குழாய்கள் பத்து வாங்கிப் போட்டால் கப்பலின் முகமே மாறிவிடும். பாய்மரக் கம்பங்களையும் பித்தளைக் கம்பியாக மாற்றுங்கள். பிளாஸ்டிக் கம்பம் கயிற்றின் இழுப்பைத் தாங்காது. இந்த இரண்டும் செய்தால் போதும். கைப்பிடிக் கம்பிகளுக்கான எட்ச் தகடு (அமிலத்தால் அரித்து வடித்த மெல்லிய உலோகத் தகடு) கையில் காசு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பெயிண்ட். மலையில் கிட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். லாக்கர் எனும் வேகமாகக் காயும் பெயிண்டை அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகி, பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். மேட் வார்னிஷும் அப்படியே. பூத்த இடத்தில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் மெல்லிய புகையாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேலே மறுபடி பெயிண்ட் அடித்தால் வெண்மை உள்ளேயே தங்கிவிடும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷைத் தொடாமல் இருப்பது உத்தமம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காலைப் பனி விலகிய பிறகு, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள். கம்ப்ரஸரின் நீர்ப்பொறியை (காற்றில் வரும் ஈரம் சேரும் குப்பி) இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து, பக்கச்சுவர் முழுவதையும் திரும்ப அடிக்க வைக்கும். சூப்பர் க்ளூ ஈரத்தில் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். பெயிண்ட் அடித்த பகுதியில் குண்டூசி முனையளவுக்கு மேல் வைக்காதீர்கள்.

கயிறு வேலைக்கு மெல்லிய நைலான் இழை இங்கே சரிப்படாது. மூடுபனியில் ஈரம் குடித்துத் தொய்யும். அறையில் ஹீட்டர் போட்டதும் விறைத்துக் கம்பத்தை வளைக்கும். கிட்டின் மிச்ச ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டக் குச்சி) மெழுகுவர்த்திக்கு மேல் சூடாக்கி முடியளவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பாலிஸ்டைரின் பிளாஸ்டிக், ஈரம் உறிஞ்சாது. இரண்டு முனையையும் ஒட்டிக் காய்ந்தபின், ஊதுபத்தியின் கனலும் முனையை இழைக்கு அரை செ.மீ. தள்ளிப் பிடித்தபடி மெதுவாக நகர்த்தினால், தொய்ந்த இழை கண்ணெதிரே நேராகி இறுகும். இன்னும் நெருங்கினால் அறுந்துவிடும். முதலில் கழிவுத் துண்டில் கை பழகுங்கள்.

நிறத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கித் தந்த வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியும் அமைதிக் காலத்துக்குரியவை. சென்னைக்கு வந்தபோது கப்பல் சாம்பல் நிறம். வெள்ளையில் கட்டிப் பீடத்தில் 'சென்னை 1914' என்று எழுதினால் தவறாகிவிடும். அக்டோபர் 28 பினாங்குத் தாக்குதலைக் காட்ட நினைப்பவர்கள், பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிவதற்காக மூன்று புகைபோக்கிகளோடு சேர்த்து நிறுத்திய போலி நான்காவதையும் செய்ய வேண்டும். அசல் அது மரச்சட்டமும் கித்தானும்தான். ஆகவே பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். டிஷ்யூ தாளை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துச் சட்டத்தில் சுற்றினால், அங்கங்கே லேசான சுருக்கத்தோடு கித்தான் போலவே நிற்கும்.

முடிந்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பீடத்துக்கு அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மழை மாதங்களில் அதை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.