ஸ்பீட்ரன்: ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகு

ஸ்பீட்ரன் பழகத் தொடங்கும் எவருக்கும் முதல் சில வாரங்கள் இனிக்கும். ஒவ்வொரு முறையும் நேரம் நிமிடக் கணக்கில் குறையும். பிறகு வினாடிகள், அதன்பின் வினாடியின் சிறு பின்னங்கள். வீடியோ கேம் ஒன்றை இயன்ற அளவு விரைவாக முடிக்கும் இந்தப் பொழுதுபோக்கில் அந்தப் பின்னங்களோடு மல்லுக்கட்டும் காலம்தான் மிக நீளமானது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் அதிகம் ஓடியது, அதாவது ஸ்பீட்ரன் செய்தது, 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். நிலைகளைத் தாண்டிக் குதிக்க உதவும் வார்ப் குழாய்களைப் பயன்படுத்தினால் எட்டே நிலைகளில் முடிந்துவிடும் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் உள்ளே ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம்கள், அதாவது தனித்தனித் திரைப்படங்கள், ஓடும் இந்த ஆட்டம், ஒரு நிலையை முடித்தவுடன் நம்மை அடுத்ததற்கு அனுப்பிவிடுவதில்லை. 21 ஃப்ரேம்களுக்கு ஒருமுறைதான் வழிவிடும். பத்து ஃப்ரேம் முன்னதாக வந்து சேர்ந்தாலும் அந்த முறைக்காகக் காத்திருக்க நேர்ந்தால் மிச்சப்படுத்தியது கணக்கில் ஏறாது. கிடைத்தால் 21 ஃப்ரேமும் மொத்தமாக, அதாவது சுமார் 0.35 வினாடி. ஓட்டக்காரர்கள் இதை ஃப்ரேம் ரூல் என்கிறார்கள். நேரம் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதும் திடீரென்று ஒரு படி இறங்குவதும் இதனால்தான். இந்த ஆட்டத்தை 4 நிமிடம் 55 வினாடிக்குள் ஒருவர் முதன்முதலாக முடித்தது 2021-இல். வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் குறைப்பதற்கு நேரம் மிச்சமிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

கடைசி நிலையான 8-4-இல் இந்த விதி கிடையாது. ஆட்டத்தை முடித்துவைக்கும் கோடரியைத் தொட்ட ஃப்ரேமிலேயே கடிகாரம் நிற்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழு மதிப்பு உள்ள ஒரே நிலை அது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குள்ள பெரிய குறையும் அங்கேதான் வெளிப்படுகிறது: ரீசெட் பழக்கம்.

தொடக்கத்தில் சிறிது பிசகினாலும் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்குவது ஓட்டக்காரர்களின் வழக்கம். இதன் விளைவு என்ன? முதல் நிலை விரலுக்குள் ஊறிப்போகும். கடைசி நிலையோ எப்போதாவதுதான் கண்ணில் படும். அபூர்வமாக நல்ல ஓட்டம் அமையும் நாளில், மிகக் குறைவாகப் பழகிய இடத்துக்கு, மிக அதிகப் படபடப்போடு போய்ச் சேர்கிறோம். அங்கே தோற்றால் துணிவில்லை, பதற்றம் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் பயிற்சிக் குறைவுதான் காரணம். நீண்டகால அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: கெட்டுப்போன ஓட்டத்தையும் இறுதிவரை ஓட வேண்டும். பயிற்சிக்கென்று உட்காரும் நாளில் பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில், எந்த இடத்தையும் சேமித்து அங்கிருந்தே மீண்டும் தொடங்க உதவும் சேவ் ஸ்டேட் வசதியால் கடைசி நிலையிலிருந்து பின்னோக்கிப் பழக வேண்டும். இந்த முறைக்கு மாறிய பிறகு படபடப்பு போய்விடவில்லை. ஆனால் படபடப்பிலும் விரல்களுக்கு வேலை தெரிந்திருந்தது.

டைமர் மென்பொருளைப் பொறுத்தவரை லைவ்ஸ்பிளிட் போதும். இலவசம், திறந்த மூலநிரல், இத்தனை காலமும் எனக்குக் குறை வைத்ததில்லை. ஆட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நம் சிறந்த ஓட்டத்தைவிட எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறோம் என்று காட்டும். ஒரு பகுதியில் இதுவரை இல்லாத வேகம் வந்தால் எண் பொன்னிறமாகும். அந்த நிறம் தரும் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. எல்லாப் பகுதிகளின் சிறந்த நேரங்களையும் கூட்டி ஒரு மொத்தம் காட்டும் வசதியும் உண்டு. அதை நான் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். தனித்தனி நாள்களின் உச்சங்களைக் கோத்து உருவான அந்த எண் எந்த நாளிலும் நிகழாதது. அதைப் பார்த்துக்கொண்டே ஓடினால் நல்ல ஓட்டமும் தோல்விபோலத் தெரியும்.

1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 முற்றிலும் வேறு அனுபவம். இதில் சேகரிக்க மொத்தம் 120 நட்சத்திரங்கள். விதிப்படி 70 இருந்தால்தான் கடைசிப் படிக்கட்டு முடிவடையும். இல்லாவிட்டால் ஏற ஏற நீண்டுகொண்டே போகும். ஆனால் பின்னோக்கித் தாவும்போது வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க நிரலில் மறந்துவிட்டார்கள். அதனால் படிகளில் முதுகைக் காட்டியபடி தொடர்ந்து தாவினால் கட்டுக்கடங்காத வேகம் சேர்ந்து முடிவில்லாத படிக்கட்டையும் கடந்துவிடலாம். 1997-இல் ஜப்பானில் வந்த ஷிந்தோ பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். இதுபோன்ற கண்டுபிடிப்புகளால் ஒரே ஆட்டத்தில் 120, 70, 16, 1, 0 நட்சத்திரம் என்று ஐந்து வகைப் போட்டிகள் உருவாகியிருக்கின்றன. கிளிட்சை, அதாவது நிரலின் பிழையை, பயன்படுத்துவது ஏமாற்று என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த வகையில் எது அனுமதி என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்குள்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரு நிரலின் தவறை நம்பத்தக்க கருவியாக மாற்றும் அளவுக்கு அதைப் புரிந்துகொண்டவர்கள் மீது எனக்கு மரியாதைதான். அப்படிக் கண்டுபிடித்ததைப் பூட்டிவைக்காமல் போட்டியாளர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். என்னை இத்தனை காலம் இங்கே பிடித்துவைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டக் காணொளிகளைப் பார்த்துச் சரிபார்க்கும் நடுவர்களும் தன்னார்வலர்களே. 2010-இல் தொடங்கிய கேம்ஸ் டன் குவிக் நிகழ்ச்சிகள் இதே ஓட்டங்களைக் காட்டித் தொண்டு அமைப்புகளுக்கு நிதி திரட்டுகின்றன.

கருவிகள் குறித்துச் சுருக்கமாக. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம்தான் முதல் எதிரி. டிவியில் ஓடுபவர்கள் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் அதன் கேம் மோடை இயக்கிவிட்டு வேறு செலவைப் பற்றி யோசிக்கலாம். நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் ஸ்டிக் தேய்வது தவிர்க்க முடியாதது. தளர்ந்த ஸ்டிக்கில் நுட்பமான திசைகள் வரவே வராது. கட்டைவிரலும் மணிக்கட்டும் தேய்வுக்கு விலக்கில்லை. வலி தெரிந்த அன்று ஓட்டத்தை நிறுத்திவிடுவது என் கண்டிப்பான வழக்கம்.

இழந்தது ஒன்று உண்டு. பல ஆண்டுகள் இப்படி ஓடிய பிறகு புதிய ஆட்டத்தில் அழகான இடம் ஒன்றைக் கண்டால் மனம் அங்கே தங்க மறுக்கிறது. எந்தச் சுவரைத் தாண்டிப் போகலாம் என்று தேடுகிறது. ஆகவே நெஞ்சுக்கு நெருக்கமான ஆட்டத்தை ஸ்பீட்ரனுக்கு எடுக்கவே கூடாது என்பேனா? மாட்டேன். நெருக்கமான ஆட்டமாக இல்லாவிட்டால் நேரம் அசையாத மாதங்களைத் தாக்குப்பிடிக்க முடியாது. முதலில் அதை நிதானமாக, முழுவதுமாக, கடிகாரம் இல்லாமல் விளையாடிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அரைமணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்தையோ போட்டி வகையையோ எடுத்துக்கொள்வது நல்லது. சூப்பர் மாரியோ 64-இன் 120 நட்சத்திர ஓட்டத்துக்கு மிகச் சிறந்தவர்களுக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மாலைப் பொழுது ஒரே முயற்சியில் தீர்ந்துவிடும். மைன்கிராஃப்ட் போல உலகம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம், அது எல்லோருடைய பொறுமைக்கும் ஒத்துவராது. 2018-இல் வந்த செலஸ்டே எனக்குப் பிடித்த பரிந்துரை. ஸ்பீட்ரன் கடிகாரம் அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது; தனியாக எதையும் நிறுவாமல், ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றே ஓடிப் பார்க்கலாம்.