ஆர்செனிக் நீருக்கு எது சரி: வாளியா, பம்பு வடிகட்டியா, ஆர்ஓவா?

மேற்கு வங்கத்தின் அடிபம்புத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற விஷம் இருப்பதை நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, நோயாளிகளின் தோலில் இருந்த புள்ளிகளையும் தடிப்புகளையும் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. காய்ச்சினால் போகாது; தண்ணீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடும்.

எந்த முறையை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஆர்செனிக் எந்த வடிவில் இருக்கிறது? காற்றில்லாத ஆழத்தில் அது பெரும்பாலும் ஆர்செனைட் என்ற வடிவில் இருக்கும். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் எதிலும் எளிதில் பிடிபடாது. குளோரினோ பெர்மாங்கனேட்டோ சேர்த்து, மின்னூட்டம் உள்ள ஆர்செனேட் என்ற வடிவுக்கு மாற்றினால் பிடித்துவிடலாம்.

இரட்டை வாளி முறை அதைத்தான் செய்கிறது. மேல் வாளியில் படிகாரமும் பெர்மாங்கனேட்டும் கலக்கி, கசடு படிந்ததும் கீழ் வாளியின் மணலில் வடிப்பார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் தினமும் அளவு பார்த்துப் போட வேண்டும். வயல் வேலைக்கு ஓடும் ஒரு அம்மாவின் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்ஓ? நகரத்து வீட்டுக்குச் சரி. கிராமத்தில் மின்சாரம் வேண்டும், பாதிக்கு மேல் தண்ணீர் கழிவாகப் போகும், ஆர்செனைட்டில் ஒரு பகுதி சவ்வைத் தாண்டியும் வந்துவிடும்.

அதனால் என் ஓட்டு, பம்பிலேயே பொருத்தும் வடிகட்டிக்கு. இதிலும் இரண்டு வகை. அலுமினா (அலுமினிய ஆக்சைடு) நிரப்பியது காஸ்டிக் சோடாவால் கழுவினால் மறுபடி உழைக்கும். ஆனால் லேசான அமிலத் தண்ணீரில்தான் அது நன்றாகப் பிடிக்கும், பாஸ்பேட்டும் போட்டிக்கு வரும். இரும்பு ஆக்சைடு வகைக்குப் பிடிமானம் கூடுதல். ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ இந்த வகைதான். ஆர்செனைட், ஆர்செனேட் இரண்டையுமே பிடிக்கிறது, மின்சாரமும் கேட்பதில்லை. ஊருக்கு ஒன்று வைத்து, பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் வீட்டுக்கு வீடு மருந்து கலக்கும் பாடு இல்லை.

சரி, பிடித்த விஷம் எங்கே போகும்? பலரும் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். வங்கத்து மண்ணிலும் ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருந்தது இரும்பு ஆக்சைடுதான். காற்றில்லாத சேற்றில் அந்த இரும்பு கரைந்தபோதுதான் ஆர்செனிக் தண்ணீருக்கு வந்தது. தீர்ந்துபோன வடிகட்டிப் பொருளைக் குழியில் போட்டு மூடினால் அதே கதை மறுபடி நடக்கும். மேற்கு வங்கத்தில் சிவபூர் பொறியியல் கல்லூரியும் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த அலுமினா வடிகட்டிகளில் இதை யோசித்திருக்கிறார்கள்: கழுவி வரும் கசட்டைப் புதைக்காமல், காற்றுப் புகும் கரட்டு மணல் படுகையில் பரப்பி வைக்கிறார்கள்.