இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் துப்பாக்கிப் பெட்டி: ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்த அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காபியும் மிளகும் இருக்கிறது. மாமனார் காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது, அவர் காலமான பிறகு லைசென்ஸ் என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. அந்தத் துப்பாக்கியை வைப்பதற்காக சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புப் பெட்டி செய்து வாங்கினோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எஸ்டேட் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் "எங்கே செய்தீர்கள், எவ்வளவு ஆச்சு" என்று கேட்கிறார்கள். பட்டறைக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

முதலில் இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் பெட்டியைப் பற்றிச் சொன்னால் அர்த்தமே இருக்காது.

முப்பது வருடமாக அந்தத் துப்பாக்கி மர பீரோவில்தான் இருந்தது. பீரோ சாவி பீரோவின் தலைமேலேயே இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் சொந்தக்காரப் பையன் ஒருவன் மனசு சரியில்லை என்று எங்களிடம் வந்து தங்கினான். நான் ஸ்கூலில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் அன்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் துணி எடுத்து வைக்க அந்த அறைக்குள் போனேன். பீரோ கதவு திறந்திருந்தது, அவன் அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்து காபி போட்டுக் கொடுத்தேன், அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச ஆரம்பித்தான். இப்போது சேலத்தில் காலேஜில் படிக்கிறான், நன்றாக இருக்கிறான், இதை எழுதுவதற்கு அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் நாங்கள் முதல் வேலையாகத் துப்பாக்கியைக் கொண்டுபோய் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். சரியான இடம் தயாராகும் வரை அது வீட்டுக்கு வரக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கி ஏமாந்தோம். நம்பர் பட்டன் வைத்தது, பார்க்க நன்றாக இருந்தது, ஏழாயிரத்துச் சொச்சம். பேட்டரி தீர்ந்தால் திறப்பதற்கு என்று கூடவே ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். பக்கத்து எஸ்டேட்காரர் பத்திரங்கள் வைக்க அதே மாடல் வாங்கியிருந்தார். ஒரு நாள் அவருடைய சாவியை எங்கள் பெட்டியில் போட்டுப் பார்த்தோம், திறந்துகொண்டது! எங்கள் சாவியும் அவருடையதைத் திறந்தது. எத்தனை வீட்டில் அந்த ஒரே சாவி இருக்கிறதோ. தகடும் மெல்லிசு, ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் கதவு வளைந்துவிடும். அதில் இப்போது ரசீதுகள் இருக்கின்றன.

அதற்கப்புறம்தான் செவ்வாய்பேட்டை. இந்தப் பட்டறையில் பீரோ, கடை கல்லாப்பெட்டி, முக்கியமாகக் கோயில் உண்டியல் செய்கிறார்கள். நான் போய் நின்றபோதே வாசலில் நான்கு உண்டியல்கள் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீச்சரம்மா, உண்டியல்ல ரெண்டு பூட்டு போடுவோம், ரெண்டு பேர் சாவியும் சேர்ந்தாத்தான் தொறக்கும். உங்களுக்கும் அப்படியே போட்டுடலாமே" என்றார். பேங்க் லாக்கரில் மேனேஜர் சாவியும் நம் சாவியும் போல. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், ஆனால் எப்படிக் கேட்பது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

உடம்பு முழுக்க 3 எம்எம் தகடு. இரண்டு லிவர் பூட்டு, இரண்டுக்கும் வேறு வேறு சாவி. ஒன்று லைசென்ஸ்காரரான என் வீட்டுக்காரரிடம், இன்னொன்று என்னிடம். அவர் தனியாகத் திறக்க முடியாது, நானும் தனியாகத் திறக்க முடியாது. கோபத்தில் ஒருவர் எழுந்தாலும், மனசு உடைந்து ஒருவர் எழுந்தாலும், இன்னொருவரிடம் வந்து கேட்டே ஆக வேண்டும். தோட்டாவுக்கு உள்ளேயே மேல்பக்கம் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு. பின்பக்கம் நான்கு ஓட்டை போட்டு, கருங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் வைத்து உள்ளிருந்து முறுக்கியிருக்கிறார்கள், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போக முடியாது. எடை எழுபது கிலோவுக்கு மேல். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த மினி லாரியில் இருந்து இறக்க நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. பெட்டி 19,500, வண்டி வாடகையும் பொருத்துக் கூலியும் சேர்த்து 23,000 ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் வந்தபோது கீல் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள், ரம்பத்தால் அறுத்தால் கதவு கழன்றுவிடும். திருப்பிக் கொண்டுபோய் உள்கீலாக மாற்றித் தந்தார்கள், காசு கேட்கவில்லை, ஆனால் மேலும் இருபது நாள் ஆனது. ஆடி மாதம் நெருங்கினால் கோயில் வேலைகள்தான் முதலில், நம் வேலை பின்னால் போய்விடும், அதனால் மாசி பங்குனியிலேயே ஆர்டர் கொடுப்பது நல்லது. பெயிண்ட் இன்னும் ஒரு கோட் கொடுத்திருக்கலாம். ஏற்காட்டு மூடுபனிக்கு ஐப்பசி கார்த்திகையில் அடிப்பாகத்தில் துரு பிடிக்க ஆரம்பித்தது. இப்போது சிலிக்கா ஜெல் பை நான்கு உள்ளே போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுகிறோம், குழலுக்கு எண்ணெய் துணி. சேலத்தில் கீழே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

என் அக்கா மகள் அமெரிக்காவில் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறாள். இந்தப் பெட்டியின் போட்டோவை அனுப்பியதும் உடனே போன் செய்தாள். அவள் பெண்ணை யார் வீட்டுக்காவது விளையாட அனுப்புவதற்கு முன்னால், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாளாம். "முதல்ல கேக்கக் கூச்சமா இருந்துச்சு சித்தி, இப்ப இல்ல" என்றாள். அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆக்ஸ்போர்டு ஹைஸ்கூல். 2021 நவம்பர் 30 அன்று பதினைந்து வயசுப் பையன் ஒருவன் அங்கே நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கியை அவன் அப்பா நான்கு நாள் முன்னால்தான் வாங்கியிருந்தார். அன்று காலையிலேயே அவன் கணக்குப் பாடத் தாளில் வரைந்திருந்ததைப் பார்த்து பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டது, அவர்கள் வந்தார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, துப்பாக்கி எங்கே என்றும் பார்க்கவில்லை. 2024-ல் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. அந்த வருடம் பிப்ரவரியில் இருந்து மிச்சிகனில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

இதைக் கேட்டபிறகு நான் நிறைய படித்தேன். அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் நான்கில் மூன்று பேர் அதைத் தங்கள் பெற்றோர் அல்லது நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் இருந்து எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, பூட்டாமல் எளிதாகக் கைக்கு எட்டும்படி இருந்தவை. எங்கோ கள்ளச் சந்தையில் வாங்குகிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் முன்னாலேயே யாரிடமாவது சொல்லியோ எழுதியோ இருக்கிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளைக்குத்தான் அது முதலில் தெரியும். அந்தப் பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்வதற்கு ஒரு டீச்சர் இருக்க வேண்டும், சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். வகுப்பில் இருந்தவரைக்கும் எத்தனை பிள்ளைகளின் பேச்சை "அப்புறம் வா" என்று தள்ளிவிட்டிருப்பேன் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

கூட்டத்தில் சுடுவது மட்டும்தான் நமக்குச் செய்தியாக வருகிறது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். இஸ்ரேலில் 2006-ல், ராணுவத்தில் இருக்கும் இளைஞர்கள் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், அவர்களுடைய தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. சாக நினைத்தவன் வேறு வழியில் சாவான் என்று சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், அது தப்பு. அந்த ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் பல பேர் பிழைத்துக்கொள்கிறார்கள், எங்கள் அடுப்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்ததைப் போல. நம் மாநிலத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் லாக்கர் வைத்துப் பூட்டச் செய்து, தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சென்னை ஸ்நேகா அமைப்பினர் பார்த்தார்கள், அங்கேயும் தற்கொலை குறைந்தது. யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் 104-க்குப் போன் செய்யுங்கள், 14416-ம் இருக்கிறது, இரண்டுக்கும் காசு கிடையாது.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலமும் ஒப்புக்கொண்டு, வேகமாகச் சுடும் வகைகளைத் தடை செய்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். வாங்க வேண்டும் என்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும். காத்திருக்க வைப்பதும் பூட்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, கைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் கொஞ்ச நேரத்தைப் போடுகிறார்கள்.

நம் ஊரில் சட்டம் கடுமைதான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 2016 ஆயுத விதிகளின்படி மனநலத்துக்கும் சேர்த்து டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், பாதுகாப்பாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழியோடு பெட்டியின் போட்டோவையும், சுவரில் அடித்திருப்பது தெரியும்படி, கேட்டு வாங்கினால் ரொம்ப நல்லது என்பது என் எண்ணம். தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறோம், அந்த மாதங்களில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. காட்டெருமையைச் சுடக் கூடாது, பன்றியையும் நாமாகச் சுட முடியாது. பிறகு எதற்கு என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். "அப்பா வெச்சிருந்தது" என்கிறார். அந்தப் பாசம் எனக்கும் புரிகிறது, அதனால் இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தப் பெட்டியும் கிடையாது, அது கூரையிலும் புதரிலும் இருக்கிறது. பன்றி என்று நினைத்து இருட்டில் ஆளைச் சுட்ட செய்திகள் நம் மலைப் பகுதிகளில் இருந்து வந்திருக்கின்றன. தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் மலைக் கிராமங்களில் கெடு கொடுத்துக் கேட்பது நல்ல வழி, அதோடு பயிரைக் காக்க வேலியோ நஷ்ட ஈடோ சீக்கிரம் கிடைத்தால் இன்னும் நிறைய பேர் கொடுப்பார்கள். வயிற்றுக்காக வைத்திருப்பவனை மிரட்டி மட்டும் வாங்க முடியாது.

சரி, பெட்டி செய்ய நினைப்பவர்களுக்கு. துப்பாக்கியைக் கழற்றி அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், குழலின் நீளத்தைவிட நான்கு அங்குலம் கூடுதலாகச் சொல்லுங்கள். உள்கீல் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், பட்டறையில் இருக்கும் மற்ற சாவிகளைப் போட்டுப் பாருங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தானே எடுத்துக் கொடுப்பார். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் கேளுங்கள். மூன்றாவது சாவி செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். நான் போன மாதம் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் போனபோது என் சாவியைச் சேலத்தில் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

பக்கத்து எஸ்டேட்காரர் இப்போது பூச்சிமருந்துக்கு இதே மாதிரி ஒன்று சொல்லியிருக்கிறார். ஆடிப் பதினெட்டு கழித்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார், உள்கீல், இரண்டு பூட்டு.